வயரைப் புடுங்கினது யாரு?

ஏனுங்கம்மா, பையைக் கீழ வையி, கீழ வையின்னு மதுரையில ஏறுனதுல இருந்து சொல்லிக்கிட்டே வர்றீங்க. வைக்க மாட்டனுங்க. உள்ள இருக்கறது என்னன்னு தெரிஞ்சா இப்படிச் சொல்ல மாட்டீங்க. அட, பயப்படாதீங்க, வெடிகுண்டெல்லாம் இல்ல. ஜிபிஎஸ் பொட்டி. கடல்ல போட்டு, அதான் மீன்புடி படகு, ஓட்டறவிங்க வச்சிருப்பாங்க. எங்க இருக்கோம், எந்தப் பக்கம் போகோணும்னு படம் காட்டும். நான் செஞ்ச பொட்டிங்க இது. தகரத்தை வளைச்சதும் கண்ணாடி போட்டதும் வேற ஆளுங்க. உள்ள ஓடுற புரோகிராம் பூரா என்றது.

அடிக்குது பாருங்க போனு. அவருதான். கஸ்பாருன்னு பேரு. நாகர்கோவிலுக்கு அந்தப்பக்கம் ஒரு துறைமுகத்துல சொந்தமா விசைப்படகு வச்சு ஓட்டுறாரு. இந்தப் பொட்டி அவரோடதுதான். காலையில கோயமுத்தூர்ல ரயில் ஏறுனதுல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. அடிக்கட்டும். எடுத்து என்னத்தைச் சொல்றது?

கோவம் வருதுங்க எனக்கு. யாரு மேலன்னு கேக்காதீங்க. எல்லாரு மேலயும்தான்.

கேளுங்க. கடலுக்கு அடியில பாறை பாறையா இருக்குமாம். 'பாரு'ம்பாங்க அதை. அங்கதான் மீனு அடையுமாம். அந்த எடத்தையெல்லாம் பாயிண்ட்டு பாயிண்ட்டா ஜிபிஎஸ்ல குறிச்சு வச்சுக்குவாங்க. கஸ்பாரு வச்சிருந்தது அவரு மட்டும் சேத்ததில்ல, அவங்கப்பா காலத்துல இருந்து சேத்ததாம். இப்ப பொட்டியைப் போட்டா ஒரு பாயிண்டு கூட இல்ல. சுத்தமா ஒண்ணுமில்ல. மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு எல்லாப் போட்டும் கெளம்பியாச்சு, இவரு போட்டு மட்டும் கரையில நிக்குது. பாயிண்டு இல்லாம கடலுக்குப் போறது கண்ணைக் கட்டிக்கிட்டு சந்தைக்குப் போறாப்பல. டீசலைக் கடல்ல கொட்டிட்டு வெறுங்கையோட வர வேண்டியதுதான். இவருகிட்ட வேலை செஞ்ச ஆளுங்க ஒவ்வொருத்தரா வேற போட்டுக்குப் போறாங்களாம். போகாம என்ன பண்ணுவாங்க, அவிங்களுக்கும் ஊட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?

இதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?

எங்க மொதலாளி இருக்காரே, வெங்கிடுபதின்னு ஒரு மகராசன், அவரு போன்ல பல்லை இளிச்சுக்கிட்டு என்ன சொல்லியிருக்காரு தெரியுங்களா? "கவலையே படாதீங்க, உங்க பாயிண்டெல்லாம் எங்க லேப்ல எடுத்துட்டு இருக்கோம், எங்க எஞ்சினியரே நேர்ல கொண்டாந்து குடுப்பாரு"ன்னு. எந்த லேப்புங்க? லேப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே. எதைக் கொண்டு போய்க் குடுக்கறது? பொட்டி கொரியர்ல வந்த அன்னிக்கே பிரிச்சுப் பாத்துட்டேன். உள்ள எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதை அவருகிட்டச் சொன்னா, "மோகனசுந்தரம், நீ போய்ப் பேசிச் சமாளிச்சுட்டு வா"ங்கறாரு. பொய் சொன்னது அவரு, மூஞ்சியைக் காட்டப் போறது நானு. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்க. பொய் என்ற வாயில வராது. வந்திருந்தா நான் ஏன் இன்னும் ரெண்டாங்கிளாஸ் சீட்டுல உக்காந்துட்டு வர்றேன்?

டீ வேண்டாம்ப்பா, போ. நீங்க குடிக்கிறீங்களாம்மா? செரி.

இல்ல, நீங்க கேக்கறது நாயந்தான். பாயிண்டு எங்க போச்சுன்னுதானே? சொல்றனுங்க. மொதல்ல வந்த பொட்டிகள்ல, போன்ல போடுவோமே மெமரி கார்டு, அது மாதிரி ஒரு கார்டுலதான் எல்லாம் எழுதிக்கிட்டு இருந்துச்சு. போட்டு நகர நகர, எங்க இருக்கோம்னு எழுதிக்கிட்டே இருக்கும். அந்தக் கார்டுக்கு ஒரு கெரகம் என்னன்னா, எழுத எழுதத் தேயும். திரும்பத் திரும்ப ஒரே எடத்துல எழுதுனா ஒருநாள் பொட்டுனு போயிரும். அதோட, எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு நின்னுச்சுன்னா பாதி எழுத்துல குழம்பிப் போயி, அடுத்த தரம் போட்டா பொட்டியே எந்திரிக்காது. அப்பெல்லாம் ரிப்பேருக்குன்னு மூட்டை மூட்டையா வந்து எறங்கும். மொதலாளி என்னை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாரு. எல்லாரு முன்னாடியும். டீ கொண்டாந்து வைக்கிற அம்மா முன்னாடி கூட.

அப்பத்தான் ஒக்காந்து யோசிச்சேன். ராப்பகலா. என்ற பொண்டாட்டி, "ஊட்டுக்கு எதுக்கு வர்றீங்க, அங்கயே பாயைப் போட்டுக்குங்க"ன்னா. யோசிச்சு என்ன பண்ணுனேன் தெரியுங்களா? பொட்டி ஓடற வரைக்கும் கார்டைப் பூட்டிட்டேன். படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. எழுத்து வேலை பூராத்தையும் மெமரிக்கு, கார்டு இல்லீங்க, பொட்டிக்குள்ளயே இருக்கற ஞாபகச் சில்லு, அதுக்கு மாத்திட்டேன். மெமரில ஒரு பங்கை வெட்டி எடுத்து, அதையே டிஸ்க்கு மாதிரி காட்டறது. பொட்டிக்கே வித்தியாசம் தெரியாது. அது பாட்டுக்கு எழுதும், அழிக்கும், திருப்பி எழுதும். தேயவே தேயாது. வேகம்னா அப்படி ஒரு வேகம்.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லட்டுங்களா? சந்தையில யாவாரி உள்ளங்கையில பேனாவுல கணக்கு எழுதுவாரு பாத்திருக்கீங்களா? சாயங்காலம் அதை நோட்டுல ஏத்திட்டுக் கையைக் கழுவிக்குவாரு. அதேதான். மெமரி உள்ளங்கை, கார்டு நோட்டு. பொட்டில செவப்பா ஒரு பட்டன் இருக்குது. அதை அழுத்திப் புடிச்சா மெமரில இருக்கறதை மொத்தமா ஒரே மூச்சுல கார்டுக்கு மாத்திட்டு, அப்புறந்தான் அணையும். நாள் பூரா எழுத வேண்டியதை ஒரே ஒரு தரம் எழுதினாப் போதும். எப்படி இருக்குது?

அதுக்கப்புறம் கார்டு போச்சுன்னு ஒரு பொட்டி திரும்பி வந்துச்சா? ஒண்ணு? ஒண்ணே ஒண்ணு? வரலைங்க. மொதலாளி எனக்குப் பொன்னாடை போத்தினாரு. ஆயுத பூஜை அன்னிக்கு, எல்லாரு முன்னாடியும். அதே டீ கொண்டாந்து வைக்கிற அம்மா முன்னாடி.

இப்படி ஒரு வேலை செஞ்சு வச்சா, இந்த மனுசன் என்ன பண்ணியிருக்காருங்கறீங்க? வயரைப் புடுங்கியிருக்காருங்க! பேட்டரியில இருந்து வர்ற வயரு. செவப்புப் பட்டன் கட்டைவெரலு மாதிரி முன்னாடியே நிக்குது, அதை அமுக்காம பின்னாடி கையை விட்டு வயரைப் புடுங்கியிருக்காரு. கணக்கை ஏத்தறதுக்கு முந்தியே கையைக் கழுவினாப்பல. மெமரில கரண்டு நின்னா எல்லாம் போயிரும்ங்க. போனது போனதுதான். அதைத் திருப்பி எடுக்க அந்தக் கடவுளே வந்தாலும் முடியாது.

ஏன் புடுங்குனீங்கன்னு கேட்டேன். அதுக்கு அவரு சொல்றாரு: "கரை கண்ணுல பட்ட ஒடனே வயரைப் புடுங்கிருவோம் தம்பி. ஐஸ் ஏத்த வாறவன், மீன் எடுக்க வாறவன், ஒவ்வொருத்தனும் வீல் ஹவுசுக்குள்ள, போட்டு ஓட்டுத ரூமுக்குள்ள, தலையை நீட்டுவான். பட்டனுல அணைச்சா பட்டனுலயே போட்டுப் பாப்பானே. எங்க பாரு எங்களுக்குத்தான். கூடப்பொறந்தவனுக்கும் காட்ட மாட்டோம்."

அந்த ஊருல எல்லாரும் அப்படித்தானாம். பாயிண்டை யாருக்கும் காட்டக்கூடாது. காட்டுனா அந்த எடத்துல அடுத்த நாளே வேறொருத்தன் வலை கெடக்கும். அதனால எல்லாப் போட்டுலயும் கரைக்கு வர்றதுக்கு முந்தி வயரைப் புடுங்குவாங்களாம். இதை ஒருத்தனாவது நம்மகிட்டச் சொன்னானா? விக்கப் போன சேல்ஸ் ஆளு, அங்கயே தின்னு, அங்கயே தூங்கி, மாசக்கணக்கா மீன் வறுவலா முழுங்கிட்டு வந்தானே, அவன் சொன்னானா? நான் கோயமுத்தூர்ல ஏசி ரூம்புல ஒக்காந்திருக்கேன். எனக்கு எப்படிங்க தெரியும்? நான் நூறு தரம் போட்டு அணைச்சு டெஸ்ட்டு பண்ணிப் பாத்தேன். ஒரு தரம் கூடப் போகல. ஒவ்வொரு தரமும் பட்டனை அமுக்கித்தான் அணைச்சேன். முறையா செஞ்சா முறையா வேலை செய்யும்.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. பழைய பொட்டியைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்னு திட்டம் போட்டிருந்தோம். பழசுல இருந்து புதுசுக்குப் பாயிண்டெல்லாம் நாங்களே கேபிள் போட்டு மாத்திக் குடுக்கறோம்னு சொன்னோம். அப்ப ஒரு காப்பி எங்ககிட்ட இருந்திருக்குமில்ல? கஸ்பாரு ஒத்துக்கல. நீங்க பாத்துருவீங்கன்னுட்டாரு. கோயமுத்தூர்க்காரன் பாயிண்டைப் பாத்துட்டு என்ன, நொய்யல் ஆத்துல மீன் புடிக்கப் போறனா? கேக்கலையே. கடலுக்குப் போன எடத்துல, ஒவ்வொண்ணா பழசுல பாத்துப் பாத்து அவரே புதுசுல அடிச்சு ஏத்தியிருக்காரு. ஏத்தி முடிச்சுட்டுப் பழசை எங்ககிட்ட எப்படிக் குடுத்தாரு தெரியுங்களா? சம்மட்டியால நொறுக்கிச் சாக்குல கட்டிக் குடுத்தாரு. அதுல இருந்து எடுக்கலாம்னு பாத்தா மண்ணுதான் கொட்டுச்சு.

ஏத்துனதுக்கப்புறம் பொட்டி ஒண்ணும் சொல்லலையான்னா கேக்கறீங்க? சொல்லும்ங்க. ஏன் சொல்லாம? ஒவ்வொரு பாயிண்டும் போட்டு ஓகே குடுத்தா, பச்சைக் கலர்ல ஒரு டிக் வந்து, 'சேமித்தாயிற்று'ன்னு வரும். தமிழ்ல! நான் வச்சதுங்க அது. வெளிநாட்டுப் பொட்டில எல்லாம் இங்கிலீஷ்லதான் வரும். நம்ம ஆளுங்களுக்குப் புரியோணும்னு மெனக்கெட்டுத் தமிழ்ல போட்டேன். கஸ்பாரு கூட அதைத்தான் போன்ல திருப்பித் திருப்பிச் சொல்றாரு. "சேமித்தாயிற்றுன்னு போட்டிருந்துச்சே தம்பி, ஒவ்வொண்ணுக்கும் போட்டுச்சே, நான் டிக்கைப் பாத்துட்டுத்தானே அடுத்ததுக்குப் போனேன்"னு.

ஆமா, சேமிச்சாச்சுதான். மெமரில சேமிச்சாச்சு. அதுல என்ன பொய்யி? கார்டுல சேமிச்சாச்சுன்னா போட்டிருக்குது?

நீங்க அப்படிப் பாக்காதீங்கம்மா. எங்க சர்வீஸ்ல பத்மாசனின்னு ஒரு பொண்ணு, அவளும் இதே மாதிரிதான் பாத்தா. மீட்டிங்ல எந்திரிச்சு, "சார், எல்லாத்தையும் மெமரில வச்சுக்கங்க, அந்தப் பாயிண்டை மட்டுமாவது ஒடனே கார்டுல எழுதிடலாமே"ன்னு கேட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். நேத்து வந்தவ. கார்டைப் பூட்டுனது பூட்டுனதாத்தான் இருக்கோணும். பாயிண்டுக்குன்னு ஒரு சந்து விட்டா அதுல இன்னொண்ணு வரும், அப்புறம் இன்னொண்ணு, திரும்பக் கார்டு தேயும், திரும்ப மூட்டை மூட்டையா வந்து எறங்கும். ஓடும்போது கார்டுல ஒரு எழுத்துக் கூட எழுதாத பொட்டின்னு நான் பேரு வாங்கியிருக்கேன், அதைக் கெடுக்கறதா? கம்முனு ஒக்காரு தாயின்னேன். ஒக்காந்துட்டா. இப்ப என்னைப் பாத்தா வணக்கம் கூட வைக்கறதில்ல. வைக்க வேண்டாம் போ.

பட்டனை அமுக்கித்தான் அணைக்கோணும்னு புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க. பொட்டியோடவே ஒரு புஸ்தகம் வரும். கடைசிப் பக்கத்துல போட்டிருக்குது. இங்கிலீஷ்லதான். அதைத் தமிழ்ல போடறது என்ற வேலையில்ல, அது சேல்ஸ்காரங்க வேலை. எல்லாத்தையும் ஒருத்தனே செய்ய முடியுங்களா?

இப்ப இன்னும் நாலஞ்சு போட்டுக்காரங்க கூப்பிட்டாங்களாம். அதே கதைதான். அத்தனை பேரும் வயரைப் புடுங்குனவிங்க. ஒரு ஊரே சேந்து ஒரு தப்பைப் பண்ணிட்டு, பழியைத் தூக்கி ஒருத்தன் தலையில கட்டுறாங்க. நல்லா இருக்குதுங்களா நாயம்?

இதோ, மறுபடி அடிக்குது. விட மாட்டாரு போலிருக்குது. நாகர்கோவில் வர்ற வரைக்கும் இப்படியே அடிச்சா எனக்கு மண்டை வெடிச்சுரும். என்னங்க? எடுத்துச் சொல்லிடுங்கறீங்களா? சொல்லத்தான் போறேன். போயிருச்சு, வராது, இனிமே தேடாதீங்கன்னு நேருக்கு நேராச் சொல்லப் போறேன். எனக்கென்ன பயம்? மொதலாளி வேணும்னா வேலையை விட்டுத் தூக்கட்டும். இருங்க, இந்தக் காத்துல காது கேக்காது, ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களும் கேளுங்க. அப்பத்தான் நான் சொல்றது நெசம்னு தெரியும்.

அலோ. ஆமாங்க, மோகனசுந்தரந்தான். வந்துக்கிட்டே இருக்கனுங்க.

"தம்பி, கஸ்பாரு பேசுதேன். கோவிச்சுக்கிடாதிய, சும்மா சும்மா கூப்புடுதேன்னு. ஒரு வார்த்தை கேக்கணும். நான் இப்ப தொபியாசுக்க போட்டு பக்கத்துல நிக்கேன்."

யாருங்க தொபியாசு?

"நம்மூருதான். எங்கப்பன் காலத்துல இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. வலை வெட்டுன சண்டை. இன்னைக்கு அவனா வந்து நிக்கான் தம்பி. எனக்குள்ள பாயிண்ட்ல பாதியை உனக்குத் தாறேன், ஏறி வந்து பாத்து ஏத்திக்கோன்னு சொல்லுதான். இந்தக் கடக்கரையில எவனும் எவனுக்கும் இதைச் செஞ்சது கெடையாது. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. போன்ல அனுப்ப மாட்டான், வாயால சொல்ல மாட்டான், அவன் போட்டுல வச்சு அவன் பொட்டியைப் பாத்து நானே எழுதிக்கிடணும். இப்ப அவன் கெளம்புதான். ஐஸ் ஏத்தியாச்சு, எஞ்சின் ஓடுது. போனா மாசக்கணக்குல வர மாட்டான்."

செரிங்க. அதுக்கு?

"அதுக்குத்தான் தம்பி கேக்கேன். எனக்க பாயிண்டு பொட்டிக்குள்ள இருக்கா, இல்லியா? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. குத்தமில்ல. நான் இப்பவே ஏறி இவன்கிட்ட எழுதிக்கிடுதேன். இருந்துச்சுன்னா நான் இதை வாங்கக் கூடாது. எனக்குள்ளது கையில இருக்கும்போது அடுத்தவன் பாரை வாங்குனா அது களவு. மாதா மன்னிக்க மாட்டா. ஒரு வார்த்தை தம்பி. இருக்கா, இல்லியா?"

அது வந்துங்க... நான் என்ன சொல்ல வந்தேன்னா... அந்தப் பொட்டியைப் பிரிச்சுப் பாத்தமுங்க...

"தொபியாசு இருக்காதுன்னு சொல்லுதான். அவன் அப்பவே ஊருல எல்லாருட்டயும் சொன்னானாம், கோயமுத்தூர்ப் பொட்டியை நம்பாத, அதைச் செஞ்சவனுக்குக் கடலும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது, அதுக்குள்ள ஒண்ணும் நிக்காதுன்னு."

யாரு? யாருங்க சொன்னது? அந்தாளுக்கு என்னங்க தெரியும் பொட்டியைப் பத்தி? அவருகிட்டச் சொல்லுங்க, பொட்டில ஒரு கோளாறும் கெடையாது. சொல்லுங்க அவருகிட்ட. நான் செஞ்ச பொட்டி அது. ஒரு எழுத்து அழியாது அதுல. ஆமா. இருக்குது. எல்லாம் இருக்குது. பத்திரமா இருக்குது.

"இருக்கா? மக்கா, நெசமாட்டா? மாதாவே... ஏ தொபியாசு! இருக்காம்டே! எனக்குள்ளது எல்லாம் இருக்காம்! நீ போயிட்டு வா மக்கா, உனக்க பாயிண்டு எனக்கு வேண்டாம். நீ கூப்பிட்டதே போதும்டே, போயிட்டு வா! ... தம்பி, கேட்டியளா, போற சத்தம்? நான் எனக்க ஆளுவளுக்குச் சொல்லி விடுதேன், வெடிஞ்சா நம்ம போட்டும் எறங்குது. வேற போட்டுக்குப் போறவனெல்லாம் திரும்பி வந்துருவான். நீங்க வாங்க, நான் ஸ்டேஷனுக்கு வாறேன். இன்னைக்கு நம்ம வீட்டுல சாப்பாடு. வச்சிருதேன் தம்பி."

வச்சுட்டாரு.

பாத்தீங்களாம்மா? என்னமா பேசறான் அந்த தொபியாசு? ஒண்ணும் நிக்காதாம்! செஞ்சவனுக்கு ஒரு மண்ணும் தெரியாதாம்! இவிங்க என்ன படிச்சிருக்காங்க? வயரைப் புடுங்கறதை விட்டா வேற என்ன தெரியும் இவிங்களுக்கு? ஒரு வருசம் ஒக்காந்து ஒருத்தன் செஞ்ச வேலையைக் கரையில நின்னுக்கிட்டு ஒரே வாயில பேசிட்டுப் போயிட்டான். கேட்டுக்கிட்டுக் கம்முனு இருக்கச் சொல்றீங்களா? ரோசம் இருக்குதுங்க எனக்கும்.

உங்க பையை எதுக்கு இப்பவே எடுக்கறீங்க? நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. அவரு கேட்டது பொட்டியைப் பத்தி. பொட்டி நல்லாத்தான இருக்குது? மடியிலதான் வச்சிருக்கேன், போட்டுக் காட்டட்டுங்களா? இப்பப் போட்டா ஒடனே எந்திரிக்கும். அந்தப் போட்டுப் போனா போகட்டும்ங்க, ஊருல வேற போட்டா இல்ல?

ஏனுங்கம்மா, எங்க எந்திரிச்சுட்டீங்க? நீங்க எறங்கற வள்ளியூருக்கு இன்னும் நேரம் இருக்குதே. அந்த சீட்டுக்கு எதுக்குப் போறீங்க, அங்க மூஞ்சிலயே வெயில் அடிக்குதுங்க.